காவு ஒரு பக்கம், விளை ஒரு பக்கம்: குமரி மாவட்டத்தில் ஊர்ச்சோலை தொடங்குபவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இடத்துக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு மரக்கன்றோடு வருகிறார்கள். வேம்பு, புங்கன், சில நேரம் நர்சரியில் விலை கொடுத்து வாங்கிய ஏதோ ஒரு பூமரம். வாசலிலேயே வாங்கி நிழலில் வைத்துவிடுவோம். "எங்கே நடலாம்?" என்று கேட்பார்கள். "இப்போதைக்கு எங்கேயும் வேண்டாம்" என்போம். முகம் வாடிவிடும். ஏன் வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கி விளக்கித் தொண்டை வறண்டதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கல்குளம் வட்டத்தில் மூன்று ஏக்கர் நிலத்தை ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். பாதிக்கு மேல் காடாக விட்டிருக்கிறோம். மீதியில் ரசாயனம் தொடாத காய்கறியும் கிழங்கும் வாழையும். பள்ளிப் பிள்ளைகள் வந்துபோகிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க நினைத்தால், நாங்கள் இடறிய இடங்களில் நீங்கள் இடறாமல் இருக்கலாம்.

இரண்டு சொற்கள்

நம் மாவட்டத்தில் இதற்கென்று புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. பழைய தறவாட்டு வீடுகளின் கன்னிமூலையில் நாகக் காவு, அதாவது நாகத்துக்கென்று விட்டுவைத்த சிறு காடு, இருக்கும். வெட்டுக்கத்தி உள்ளே போகாது. விழுந்த கொம்பைக்கூட எடுக்க மாட்டார்கள். எல்லைக்கு அப்பால் மலையாளத்தில், காவைத் தீண்டினால் குடிநீர் முட்டும் என்றே ஒரு பழமொழி உண்டு. இன்னொன்று விளை. ஊர்ப்பெயர்களில் பாதி அதில்தான் முடிகிறது. தென்னை, சக்கை என்கிற பலா, மரச்சீனி என்கிற மரவள்ளி, நல்லமிளகுக் கொடி என்று மனிதன் நாள்தோறும் கைவைக்கிற நிலம் அது.

ஊர்ச்சோலைக்கு இரண்டும் வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெடும். காவுக்குள் மரக்கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, வட்டப்பாத்தி போட்டு, சருகைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். பூங்கா என்று சொல்லலாம். ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து இறங்கும் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறித்தான் இரை தேடும். சருகைப் பெருக்கிய இடத்தில் அதற்கு என்ன வேலை?

முதல் படி: உங்கள் நிலம் எது

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் உள்ள மாவட்டம் என்று மேடைதோறும் சொல்லிப் பழகிவிட்டோம். அதை வேலைக்குப் பயன்படுத்துங்கள். குலசேகரம், திற்பரப்புப் பக்கம் மழை தாராளம். பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தை மாதம் சருகு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் அப்படியில்லை. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று இளங்கன்றின் தலையைத் திருகிவிடும். முப்பந்தலில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அங்கே காற்றுக்குத் தடுப்பாக ஒரு வரிசை உயிர்வேலி வளர்ந்த பிறகே மற்றதெல்லாம். கடற்கரையில் புன்னையும் தாழையும் பூவரசும் பனையும் தாமாகவே நிற்கும். அங்கே போய் அயனிப் பலா நட்டுவிட்டு வளரவில்லை என்று வருத்தப்படக் கூடாது.

சுற்றிப் பார்க்காமல் தொடங்காதீர்கள். தேரூர்க் குளத்தங்கரையில் ஒரு காலை, மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்து அலையாத்திகளில் ஒரு மாலை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுமே நம் முன்னோர் பாசனத்துக்கென்று வைத்துக்கொண்ட குளங்களை ஒட்டியவை. பயன்பாடும் பறவையும் ஒரே இடத்தில் எப்படி இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் பாடம் கிடைக்காது.

இரண்டாம் படி: காகிதம்

சலிப்பான வேலை. ஆனாலும் இதைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பின்னால் அழுகிறார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். யாராவது பெருந்தன்மையோடு "என் விளையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் நன்றி சொல்லிவிட்டு அன்றே பாட்டச் சீட்டு எழுதுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து மகன் வருவார். மரங்களைப் பார்க்க மாட்டார், சென்ட் விலையைப் பார்ப்பார்.

சங்கமாகப் பதிவு செய்வதானால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். மலையடிவாரமாக இருந்தால் நிலம் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறதா என்று வனத்துறையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். அங்கே சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். புறம்போக்கிலும் குளத்தங்கரையிலும் நல்லெண்ணத்தோடு கைவைத்தாலும் அது ஆக்கிரமிப்புதான்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவில், தனியார் நிலத்தையோ ஊர்ப்பொது நிலத்தையோ உரியவர்கள் விரும்பி முன்வந்தால் சமுதாயக் காப்பகமாக அரசு அறிவிக்க வழி இருக்கிறது. அறிவித்த பிறகு நிர்வாகக் குழுத் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப்பயன்பாட்டை மாற்ற முடியாது. நல்ல ஏற்பாடுதான், முதல் ஆண்டிலேயே அதற்கு ஓடாதீர்கள். அதற்கு முன்பு உங்கள் உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு யார் என்று விசாரியுங்கள். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அது இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு அவர்கள் பொறுப்பு. உங்கள் நோட்டுப் புத்தகம் அந்தப் பதிவேட்டுக்குப் போய்ச் சேரட்டும்.

மூன்றாம் படி: ஓராண்டு நோட்டுப் புத்தகம்

எந்த நோட்டுப் புத்தகம்? அதுதான் முதல் ஆண்டின் முழு வேலை. நடாதீர்கள், வெட்டாதீர்கள், எழுதுங்கள். இரண்டு மழை பெறும் மாவட்டம் இது. வைகாசிக் கடைசியில் தொடங்கும் தென்மேற்கும் ஐப்பசியில் வரும் வடகிழக்கும் உங்கள் நிலத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்காமல் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, எத்தனை நாளில் வடிகிறது. கணிக்கொன்றை பூத்த நாள். புற்றீசல் எழுந்த மாலை. எந்தப் பாறை இடுக்கில் உடும்பு. தானாக முளைத்த கன்றுகள் எவை, அவை யார் எச்சத்தில் வந்தவை.

முதல் ஆண்டில் எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. புதர் என்று நினைத்துக் கிழக்கு ஓரத்தை வழித்துவிட்டோம். அடுத்த மழையில் அந்தப் பக்கத்துச் செம்மண் முழுவதும் ஓடையில். புதரின் பெயரை ஒரு பாட்டி பிறகு சொன்னார், நொச்சி. ஓடைக்கரையைப் பிடித்து வைத்திருந்ததே அதுதான். அதை மீண்டும் வளர்க்க நான்கு ஆண்டுகள் ஆயின.

விலக்கு ஒன்று உண்டு. உண்ணிச்செடி, பார்த்தீனியம், சீமைக் கருவேல நாற்று ஆகியவை கண்ணில் பட்டால் பூக்கும் முன்பே பிடுங்கலாம். அதுவும் ஒரேயடியாகச் சுத்தம் செய்ய வேண்டாம். உண்ணிப்புதருக்குள் குருவிக்கூடு இருக்கும். பகுதி பகுதியாக எடுத்து, அந்த இடத்தில் நம் செடி தலைகாட்டிய பிறகு அடுத்த பகுதி.

நான்காம் படி: எல்லைக்கயிறு

ஆண்டு முடிந்ததும் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய்க் கட்டுங்கள். இந்தப் பக்கம் காவு, அந்தப் பக்கம் விளை. நிலத்தில் எங்கே ஏற்கெனவே பழைய மரங்கள் நிற்கின்றனவோ, எங்கே ஈரம் நிற்கிறதோ அது காவு. வாசலுக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் உள்ளது விளை. தினமும் கைவைக்க வேண்டிய பாத்தி தூரத்தில் இருந்தால் யாரும் போக மாட்டார்கள். இது மனித இயல்பு.

காவுக்குள் ஒரே ஒரு நடைபாதை, ஒருவர் பின் ஒருவர் போகும் அகலம். வளைந்து போகட்டும். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் இந்த மாவட்டமே மரங்களை இழந்து நின்றது. எங்களிடம் பெரிய அயனி ஒன்று வேரோடு சாய்ந்தது. மரவியாபாரி நல்ல விலை சொன்னார். இரண்டு கூட்டம் போட்டுச் சண்டையிட்ட பிறகு கிடக்கட்டும் என்று முடிவானது. இன்று அதன் மேல் காளான், உள்ளே வண்டுப்புழு, புழுவுக்காக மரங்கொத்தி. பிள்ளைகள் வந்தால் அதிக நேரம் நிற்பது அந்தக் கட்டையின் பக்கத்தில்தான்.

வேலிக்கு முள்கம்பி வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். ஆடாதோடை, நொச்சி, கிளுவை, உரக்கொன்றை ஆகியவற்றின் கொம்புகளை மழை தொடங்கியதும் நெருக்கமாக ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். ஆடாதோடையை ஆடு தொடாது, பெயரிலேயே இருக்கிறது. உரக்கொன்றைத் தழை விளைக்கு இலவச உரம். காட்டுப்பன்றிக்கு மின்வேலி என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: விளை

சிறியதாகத் தொடங்குங்கள். பத்து சென்ட் போதும். இருபது பேர் உற்சாகமாக முதல் வாரம் வருவார்கள், ஆறாவது வாரம் நான்கு பேர் நிற்பார்கள். அந்த நான்கு பேரால் எவ்வளவு களை பறிக்க முடியுமோ அவ்வளவுதான் உங்கள் தோட்டம்.

நம் ஊரில் தவறாமல் வரும் பயிர்களை முதலில் வையுங்கள்: மரச்சீனி, சேம்பு, காய்ச்சில், சேனை, சிறுகிழங்கு. கிழங்குக்கு நோய்நொடி குறைவு. புதிய கைகளுக்கு அறுவடை என்ற ஒன்று கிடைத்தால்தான் அடுத்த ஆண்டு வருவார்கள். பிறகு வாழை. நம் மாவட்டத்து மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. செந்துளுவன், ரசகதலி, பாளையங்கொட்டான், ஏத்தன், பேயன் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு கன்று வைத்தால் அதுவே ஒரு பாடசாலை. வழுதலங்காயும் (கத்தரி) தடியங்காயும் (பூசணி) பயறும் அதற்குப் பின். தக்காளியில் தொடங்கி மனம் உடைந்து போனவர்கள் எனக்குத் தெரிந்து பலர்.

மண்ணை மூடி வையுங்கள். ஓலை, மடல், ரப்பர்ச் சருகு, வாழைச் சருகு, எதுவானாலும் சரி. வெயில் மண்ணில் நேராக விழக் கூடாது. தென்னைக்குச் சுற்றிலும் ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி. அங்கே கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, குழி எடுத்து, குழிந்த பக்கம் மேலே வரும்படி அடுக்கிப் புதைத்தால் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசி வரிசையை மட்டும் கவிழ்த்து வையுங்கள். ஒரு முறை செய்தால் ஐந்தாறு ஆண்டுகளுக்குக் கவலை இல்லை.

உரத்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. நான் எளிய பக்கம். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைத்தழை, நடுவில் சாணக் கரைசல், கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது, ஆனால் ஈரம் தெரிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிளறுங்கள். கிளறும்போது தடித்த வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் அது காண்டாமிருக வண்டின் பிள்ளை. தென்னந்தோப்பு நடுவே எருக்குழி வைத்துவிட்டுக் கிளறாமல் விட்டால் குருத்தைக் குடைய ஒரு படையையே நீங்கள் வளர்க்கிறீர்கள். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

ஜீவாமிர்தம் செய்ய விரும்பினால் அளவு இது: 200 லிட்டர் தண்ணீர், பத்து கிலோ நாட்டுமாட்டுச் சாணம், ஐந்து முதல் பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் இரண்டு நாள், காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஊற்றித் தீர்க்க வேண்டும். கருப்பட்டி போடலாமா என்று ஒருவர் கேட்டார். இன்று கருப்பட்டி விற்கிற விலைக்கு அதை நாம் சாப்பிடுவதுதான் நியாயம்.

கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மீன் அமிலம் மலிவு. சாளை மீனின் தலையும் குடலும் ஒரு கிலோ என்றால் வெல்லமும் ஒரு கிலோ. பிளாஸ்டிக் வாளியில் இறுக்கி மூடி 21 நாள் விட்டால் தேன்போல ஆகும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லியிலிருந்து 100 மில்லி வரை கலந்து மாலையில் தெளிக்கலாம். நாள் கணக்கைத் தேதி போட்டு வாளியில் ஒட்டுங்கள். ஒரு முறை எங்கள் நண்பர் ஒன்பதாம் நாள் மூடியைத் திறந்தார். அந்த நேரத்தில் நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சுற்றுச்சூழல் பற்றி அன்று நாங்கள் சொன்னது எதுவும் அவர்களுக்கு நினைவிருக்காது.

கற்றுக்கொள்ள வேறு இடங்களும் இருக்கின்றன. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வளத் திட்டத்தில் அசோலா, சாண எரிவாயு, மண்புழு உரம் ஆகியவற்றை நேரில் காட்டுவார்கள். நெல்லுக்குத் திருப்பதிசாரம், தோட்டப்பயிருக்குப் பேச்சிப்பாறை என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் பக்கத்திலேயே உள்ளன. அவர்கள் ரசாயனமும் சொல்வார்கள். சொல்லட்டும், நோயின் பெயரைத் தெரிந்துகொண்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டு எதிரிகளைப் பற்றி மட்டும். ஆப்பிரிக்க நத்தை வந்திருந்தால் இரவில் ஈரச்சாக்கில் பப்பாளி இலை போட்டு வைத்து, கூடியதும் கையுறையோடு பொறுக்கி உப்புக் கரைசலில் போடுங்கள். வெறுங்கையால் தொடக் கூடாது, பிள்ளைகளைத் தொட விடவே கூடாது. மயில் வேறு கதை. நாற்றை ஒரு காலையில் மேய்ந்துவிடும். சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதைத் துன்புறுத்தினால் சிறை. நாற்றங்காலுக்குப் பழைய மீன்வலையைப் பந்தல்போலப் போட்டுச் சமாதானமாக வாழக் கற்றுக்கொண்டோம்.

விற்கும் அளவுக்கு விளைந்தால் விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்பு உறுதியளிப்பு முறையில் இயற்கைச் சான்று வாங்கலாம்; குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும். விளைச்சல் வரும் முன்பே சான்றைப் பற்றிப் பேசுவது பிள்ளை பிறக்கும் முன் கல்யாணப் பத்திரிகை.

ஆறாம் படி: பாம்பு

இருக்கும். காவு என்றால் இருக்கத்தான் வேண்டும். முட்டளவு பூட்ஸ், இருட்டினால் டார்ச், சருகுக்குள் கையை விடுவதற்கு முன் ஒரு கம்பு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் படத்தையும் கருவிக் கொட்டகையில் ஒட்டி வையுங்கள். பார்த்தால் விலகி நில்லுங்கள், அது போய்விடும்.

கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கால் அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்கு அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் வழியை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வைத்தியரிடம் போய் வேர் அரைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த நேரத்தில் மரியாதை பார்க்க வேண்டாம்.

ஏழாம் படி: பிள்ளைகள்

ஒரே சமயத்தில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். நாற்பது பேர் வந்தால் மூன்றாகப் பிரியுங்கள்: ஒரு குழு காவில், ஒன்று விளையில், ஒன்று கிணற்றடியில் விதை பொறுக்கிக்கொண்டு. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். பத்து மணிக்கு வரும் பஸ்ஸுக்குப் பறவைகள் காத்திருக்காது.

பேச்சைக் குறையுங்கள். மரத்தின் பெயர், தாவரவியல் பெயர், பயன்கள் என்று பலகை எழுதி ஆணியடித்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் பலகையைப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டு மரத்தைப் பார்க்காமலே போய்விடுவார்கள். நாங்கள் பலகைகளை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு முழக் கயிறு. தரையில் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்குள் இருப்பதை எல்லாம் கால் மணி நேரம் பார்க்க வேண்டும். எறும்பின் வழி, முளைத்த விதை, ஏதோ ஒன்றின் எச்சம். பெயர் தெரியாவிட்டால் அவர்களே பெயர் வைக்கட்டும். உண்மையான பெயரை அடுத்த முறை வரும்போது சொல்லலாம். அடுத்த முறை என்று ஒன்று இருப்பதுதான் முக்கியம்: ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, இரண்டு மழையிலும் ஒரு வெயிலிலும் வர வேண்டும். நூறு பள்ளிகள் ஒரு முறை வந்து போவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் வந்தால் முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். காற்றின் திசையும் நீரோட்டமும் அவர்கள் வீட்டுப் பேச்சு. மலையோரப் பிள்ளைகளுக்குத் தேன் எந்த மாதம் என்று தெரியும். நாம் சொல்லிக்கொடுக்க நினைப்பதில் பாதியை அவர்களே அவிழ்த்துப் போட்டுவிடுவார்கள்.

ஆண்டில் ஒரு முறை பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் நின்று எண்ணி இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். காகமும் மைனாவும் மட்டுமே வந்தாலும் ஏற்றுங்கள். எண்ணிக்கை போடுவதென்றால் பிள்ளைகளுக்குத் தனி வெறி. எங்கள் பட்டியலில் செண்பகத்தை இரண்டு முறை எண்ணியது யார் என்பது இன்னும் தீராத வழக்கு.

எட்டாம் படி: சக்கை யாருக்கு

இதை எந்தக் கையேடும் சொல்லாது. ஊர்ச்சோலைகள் வறட்சியில் அழிவதைவிடச் சக்கையில்தான் அதிகம் அழிகின்றன. பழுத்த தேன்வரிக்கை ஒன்றே ஒன்று, உழைத்தவர்கள் ஒன்பது பேர், நிலத்துக்காரர் வீட்டில் கல்யாணம். ஆரம்பத்திலேயே எழுதி வையுங்கள். எங்கள் முறை இது: காவில் விழுவது எதுவும் யாருக்கும் இல்லை, அணிலுக்கும் மரநாய்க்கும் வௌவாலுக்கும் போக மிச்சம் மண்ணுக்கு. விளையில் கிடைப்பதில் ஒரு பங்கு விதைக்கு, ஒரு பங்கு அன்று வேலைக்கு வந்தவர்களுக்கு, மீதி வாசலில் கடவத்தில் (ஓலைக்கூடை) வைத்து விற்பனைக்கு. அந்தப் பணம் மம்பட்டிக்கும் கிணற்று மோட்டாருக்கும். கணக்கு ஒவ்வொரு மாதமும் கொட்டகைச் சுவரில் ஒட்டப்படும்.

இனி அந்த மரக்கன்று விஷயம். வாசலில் வாங்கி வைத்தவை வீணாவதில்லை. கொண்டுவந்தவரின் பெயரை எழுதி நாற்றங்காலில் வைத்திருப்போம். அவர் ஓராண்டு வந்து நோட்டில் எழுதி, மழை இரண்டையும் பார்த்த பிறகு எங்கே நடலாம் என்று அவரே சொல்ல வேண்டும். போன இடவப்பாதியில், அதாவது தென்மேற்கு மழையில், ஒருவர் தன் புங்கனைத் தூக்கிக்கொண்டு காவு முழுக்கச் சுற்றினார். கடைசியில் வெளியே வந்து, சாலையோரம் பஸ் நிற்கும் இடத்தில் நிழல் இல்லை, அங்கே வைக்கலாமா என்று கேட்டார். பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதும் குழி எடுக்க வேண்டும்.